வயரைச் சொருகின கை

போன வாரம் தேய்மானக் கணக்கு பத்தி எழுதியிருந்தேன். "நல்லா தூக்கம் வந்துச்சு, நன்றி"ன்னு வகுப்புத் தோழர் ஒருத்தர் பின்னூட்டம் போட்டுட்டுப் போனார். அந்த நல்ல மனசுக்காக இந்த வாரம் கணக்குப் பக்கமே தலைவைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். ஆனா பாருங்க, நெட்வொர்க் பத்தி எழுத உட்கார்ந்தா அதுவும் சுத்திச் சுத்தி தணிக்கைப் பாடத்துலதான் வந்து நிக்குது. என்ன பண்றது, பி.காம் புத்தி :-)

விஷயம் இதுதான். ஒரு ஆபீஸ்லயோ கல்லூரி லேப்லயோ மூணடி நீள வயர் ஒண்ணைத் தப்பான இடத்துல சொருகினா மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். வைரஸ் வேண்டாம், ஹேக்கர் வேண்டாம், மின்வெட்டு வேண்டாம். ஒரு வயர் போதும். இதுக்கு லூப்னு பேர். இதைத் தடுக்க 1985-லயே வழி கண்டுபிடிச்சாச்சு. அந்த வழியில இருந்த ஓட்டைகளை அடைக்கற வசதிகள் வந்தும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. செட்டிங் மாத்தக்கூடிய சுவிட்ச் எதை வாங்கினாலும் இதுல பெரும்பாலானது உள்ளேயே இருக்கும். ஆன் பண்ணணும், அவ்வளவுதான்.

ஆன் பண்ணாம விட்டுட்டு, நெட்வொர்க் படுத்ததும் "யார்யா அந்த வயரைத் தொட்டது?"ன்னு கேக்கறோமே, அந்தக் கேள்வி நியாயமான்னு பேசத்தான் இந்தப் பதிவு.

சுவிட்ச்னா என்ன?

ஃபேன் போடற சுவிட்ச் இல்லீங்க. கம்ப்யூட்டர் வயரெல்லாம் வந்து சேருமே, வரிசையா ஓட்டை ஓட்டையா, பச்சை லைட்டு சிமிட்டிக்கிட்டு ஒரு பெட்டி, அது. அந்த ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் போர்ட்னு பேர்.

அது தபால்காரர் மாதிரி. ஒரு கம்ப்யூட்டர் அனுப்பற தகவல் ஃப்ரேம்ங்கற உறைக்குள்ள வரும். உறை மேல அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இருக்கும். எந்த போர்ட் வழியா எந்த அனுப்புநர் வந்தார்னு சுவிட்ச் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டு வச்சுக்கும். அடுத்த தடவை அவருக்குக் கடிதம் வந்தா நேரா அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். முகவரி பட்டியல்ல இல்லைன்னாலோ, "எல்லாருக்கும்"னு எழுதியிருந்தாலோ, வந்த வாசலைத் தவிர மத்த எல்லா வாசலுக்கும் ஒவ்வொரு நகல் போட்டு அனுப்பிடும். இந்த "எல்லாருக்கும்" கடிதத்துக்குத்தான் பிராட்காஸ்ட்னு பேர். இது அபூர்வமான சமாச்சாரம் இல்ல. "இந்த ஐ.பி. முகவரி யாருது?"ன்னு உங்க கம்ப்யூட்டர் அடிக்கடி கூவிக்கிட்டேதான் இருக்கும்.

இப்ப ரெண்டு சுவிட்ச்சை ஒரு வயருக்குப் பதிலா ரெண்டு வயரால இணைச்சுட்டோம்னு வைங்க. முதல் சுவிட்ச் ஒரு பிராட்காஸ்ட்டை ரெண்டு வயர்லயும் அனுப்பும். ரெண்டாவது சுவிட்ச் முதல் வயர்ல வந்ததை ரெண்டாவது வயர்ல திருப்பி அனுப்பும், ரெண்டாவதுல வந்ததை முதல் வயர்ல அனுப்பும். அது திரும்ப இங்க வரும். இங்கேருந்து திரும்ப அங்க போகும். ஒவ்வொரு சுத்துலயும் அங்க இருக்கற எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரு நகல் போய் விழும்.

எப்ப நிக்கும்? நிக்காது. அதான் பிரச்சினையே. இன்டர்நெட்ல போற ஐ.பி. பேக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒண்ணு உண்டு. அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையும், பூஜ்யமானா செத்துடும். ஈத்தர்நெட் ஃப்ரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. சாகாவரம் வாங்கிட்டு வந்த கடிதம் அது. அதுகூட புதுசா வர ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் சேர்ந்துக்கும். ஒரு கிகாபிட் வயர்ல சின்ன ஃப்ரேம்களா போனா விநாடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் ஃப்ரேம் போக முடியும். லூப் வந்துட்டா அந்த இடம் முழுக்க இந்தச் சாகாத கடிதங்களே அடைச்சுக்கும். போதாததுக்கு ஒரே அனுப்புநர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் தெரியறதால, சுவிட்ச் போட்டு வச்ச முகவரிப் பட்டியலும் குழம்பிடும். சில விநாடிதான். எல்லா லைட்டும் ஒண்ணா வெறி பிடிச்ச மாதிரி சிமிட்டும். வேலை ஒண்ணும் நடக்காது.

அப்ப ரெண்டாவது வயரே போடாம இருந்துடலாமேன்னு தோணும். ஆனா ஒத்தை வயர் அறுந்தா அந்தப் பக்கம் இருக்கறவங்க கதி? மாற்று வழி வேணும், ஆனா அது எப்பவும் திறந்திருக்கக் கூடாது. இந்த முடிச்சைத்தான் ஒரு பெண் அவிழ்த்தார்.

ரேடியா பெர்ல்மன்

1985-ல டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ங்கற அமெரிக்க நிறுவனத்துல வேலை பார்த்தவர் ரேடியா பெர்ல்மன். அவர் வகுத்ததுதான் ஸ்பேனிங் ட்ரீ. அதை விளக்கறதுக்கு 'ஆல்கோரைம்'னு ஒரு கவிதையும் எழுதி ஆய்வுக் கட்டுரையிலயே சேர்த்தார். ஜாய்ஸ் கில்மர் எழுதின 'மரங்கள்' கவிதையோட சாயல்ல எழுதினது. நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு கவிதை வச்சா வைவாவுல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன்... வேண்டாம் :-)

1990-ல இது 802.1டி-ங்கற ஐ.இ.இ.இ. தரமாச்சு. உள்ளே நடக்கறது இவ்வளவுதான். எல்லா சுவிட்ச்சும் சேர்ந்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அதுக்கு ரூட்னு பேர். அப்புறம் ஒவ்வொரு சுவிட்ச்சும் தலைவருக்குப் போக எந்த வழி மலிவுன்னு கணக்குப் பார்க்கும். பழைய அளவுகோல்ல 100 மெகாபிட் வயருக்குச் செலவு 19, ஒரு கிகாபிட் வயருக்கு 4. மலிவான வழியை வச்சுக்கிட்டு, லூப் உண்டாக்கற மிச்ச வழிகளை அடைச்சுடும். வயர் அங்கேயேதான் இருக்கும், போக்குவரத்து மட்டும் இருக்காது. நல்ல வழி அறுந்தா அடைச்சது திறந்துக்கும்.

இதுக்காக சுவிட்ச்சுகள் தங்களுக்குள்ள பேசிக்கற சின்னத் தகவலுக்கு பி.பி.டி.யு.ன்னு பேர். ரெண்டு விநாடிக்கு ஒண்ணு போகும். "தலைவர் இன்னார், அவர்கிட்ட போக என் வழியா இவ்வளவு செலவு." இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, மத்த கதையெல்லாம் இதைச் சுத்தித்தான்.

ஒரு சிக்கல் உண்டு. புதுசா உயிர் வந்த போர்ட்டை இது உடனே திறக்காது. 15 விநாடி காது கொடுத்துக் கேக்கும். இன்னொரு 15 விநாடி முகவரி கத்துக்கும். அப்புறம்தான் திறக்கும். மொத்தம் அரை நிமிஷம். எதிர்ப்பக்கம் மௌனமாகி வழி மாத்தணும்னா அதுக்கு முன்னாடி 20 விநாடி காத்திருக்கும், ஆக 50 விநாடி. 2001-ல வந்த ராப்பிட் ஸ்பேனிங் ட்ரீ இதைப் பெருமளவு குறைச்சது. ஆனா அந்தப் பழைய அரை நிமிஷம் பண்ணின வேலை இன்னும் தீரல. அதைச் சொல்லத்தான் இந்த ஆபீஸ் கதை.

ஒரு இருபதாம் தேதி

செமஸ்டர் லீவுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல என்ட்ரி போடப் போயிட்டிருந்தேன். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இருபத்தாறு கம்ப்யூட்டர். டேலி கணக்கெல்லாம் உள்ளே ஒரு சர்வர்ல. மாசாமாசம் ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் பண்றவங்களுக்கு இருபதாம் தேதி கடைசி நாள்ங்கறது வணிகவியல் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்னிக்கு ஆபீஸே கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

காலையில பெருக்கித் துடைக்கற அக்கா ஒரு மேஜைக்குக் கீழ துடைச்சிருக்காங்க. அங்க எட்டு போர்ட் சின்ன சுவிட்ச் ஒண்ணு இருந்துச்சு. ஒரு வயரோட ஒரு முனை அதுல சொருகியிருந்துச்சு, இன்னொரு முனை தரையில கிடந்துச்சு. யாரோ எப்பவோ லேப்டாப்புக்குப் போட்டது. ஈரத் துணி படக் கூடாதேன்னு அந்த முனையை எடுத்து, பக்கத்துல காலியா இருந்த ஓட்டையில சொருகிட்டாங்க. வயரோட ரெண்டு முனையும் ஒரே சுவிட்ச்சுல. லூப் ரெடி.

பத்து மணிக்கு டேலி எதுவும் திறக்கல. சர்வரை அணைச்சுப் போட்டாங்க. மோடத்தை அணைச்சுப் போட்டாங்க. நெட் கனெக்‌ஷன்காரருக்கு போன் போட்டுத் திட்டினாங்க. கடைசியில மதியம் மூணரை மணிக்கு ஒவ்வொரு வயரா பிடுங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் முடிஞ்ச வரைக்கும் தாக்கல் பண்ணினோம். சில பேரோடது மறுநாளுக்குப் போயிடுச்சு. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரியே இல்லாத 'நில்' ரிட்டர்னா இருந்தா 20. பெரிய தொகை இல்ல. ஆனா வாடிக்கையாளர்கிட்ட பதில் சொல்றது பெரிய விஷயம்.

"யார் சொருகினது?" விசாரணை நடந்துச்சு. அக்காவே முன்னாடி வந்து, "நான்தாங்க சார், கீழ கெடந்துச்சு, தண்ணி பட்டுருமேன்னு எடுத்து வச்சேன்"னு சொன்னாங்க. எல்லார் முன்னாடியும் திட்டு விழுந்துச்சு. அந்த மாசச் சம்பளத்துல பிடித்தமும் விழுந்துச்சு. அடுத்த மாசம் அவங்க வேலைக்கு வரல.

மறுநாள் என் பெரியம்மா பையன்கிட்ட இதைச் சொன்னேன். அண்ணன் நெட்வொர்க் வேலை பார்க்கறவர். ஆபீஸ்ல சொல்லி அவரையே வந்து பார்க்கச் சொன்னோம். நடுவுல இருந்த பெரிய சுவிட்ச்சைத் திறந்து பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்பேனிங் ட்ரீயை யார் ஆஃப் பண்ணி வச்சது?"

விஷயம் இப்படி. அந்த சுவிட்ச் போட்ட புதுசுல "கம்ப்யூட்டர் ஆன் பண்ணினா நெட் வர அரை நிமிஷம் ஆகுது"ன்னு ஆபீஸ்ல புகார் சொல்லியிருக்காங்க. போட்டுக் கொடுத்தவர் வந்து ஸ்பேனிங் ட்ரீயையே மொத்தமா அணைச்சுட்டுப் போயிட்டார். புகார் தீர்ந்துச்சு. காவலாளி கதவு திறக்க நேரமாக்கறார்னு காவலாளியையே வீட்டுக்கு அனுப்பின கதை. அன்னிக்கு அந்தக் கதவு வழியா யாரும் வரல. வந்த அன்னிக்குப் பழி விழுந்தது வாசல் பெருக்கினவங்க மேல.

அரை நிமிஷத்துக்குச் சரியான மருந்து

அந்தப் புகாருக்கு முறையான தீர்வு ஒண்ணு இருந்துச்சுங்கறதுதான் எனக்கு ஆறவே இல்லாத விஷயம். அண்ணன்கிட்ட கேட்டு, அப்புறம் பாக்கெட் ட்ரேசர்ங்கற மென்பொருள்ல பொய்யா ஒரு நெட்வொர்க் கட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல போர்ட்ஃபாஸ்ட். "இந்த போர்ட்டுல கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கும், இன்னொரு சுவிட்ச் வராது, அதனால காத்திருக்காம உடனே திற"ன்னு சொல்ற வசதி. அரை நிமிஷம் காணாமப் போயிடும். ஸ்பேனிங் ட்ரீ மத்த இடத்துல எல்லாம் அப்படியே காவல் காக்கும்.

ஆனா இது வெறும் வாக்குறுதி. கம்ப்யூட்டர்தான் வரும்னு நாம சொல்றோம், நாளைக்கு யாராவது அங்க சுவிட்ச் சொருகினா? அதுக்குத்தான் பி.பி.டி.யு. கார்டு. கம்ப்யூட்டர் பி.பி.டி.யு. பேசாது, சுவிட்ச்தான் பேசும். ஆக அந்த போர்ட்டுல ஒரே ஒரு பி.பி.டி.யு. வந்தா போதும், "சொன்ன ஆள் இல்லையே"ன்னு அந்த போர்ட்டை மட்டும் மூடிடும். ஆள் வந்து திறக்கணும், இல்லைன்னா தானா திறக்கச் சொல்லி வச்சுக்கலாம். சிஸ்கோவுல அதுக்கு வழக்கமான இடைவெளி 300 விநாடி.

அக்கா சொருகின வயருக்கு இதைப் பொருத்திப் பாருங்க. பெரிய சுவிட்ச் அனுப்பின பி.பி.டி.யு. மேஜைக்குக் கீழ இருந்த சின்ன சுவிட்ச்சுக்குள்ள போகும், லூப்ல ஒரு சுத்துச் சுத்தி, அனுப்பின வாசலுக்கே திரும்பி வரும். உடனே அந்த ஒரு போர்ட் மூடிக்கும். அந்த மேஜையில இருக்கற நாலு பேருக்கு நெட் போகும். மிச்ச இருபத்திரண்டு பேர் வேலை பார்த்துக்கிட்டே இருப்பாங்க. எந்த போர்ட்டுன்னு சுவிட்ச்சே பதிவேட்டுல எழுதி வச்சிருக்கும். மூணரை மணி வரைக்கும் தேட வேண்டியதில்லை.

நம்ம பாடத்துல இதுக்குப் பேர் அகக்கட்டுப்பாடு. கல்லாவுல பணம் வாங்கறவரே பேரேட்டுலயும் எழுதக் கூடாதுன்னு ஏன் சொல்றோம்? எல்லாரும் திருடன்னு நினைச்சா? இல்லை. ஒருத்தர் கை தவறினாலும் அடுத்த கட்டத்துல அது பிடிபடணும், அதுக்குத்தான். போர்ட்ஃபாஸ்ட் நம்பிக்கை, பி.பி.டி.யு. கார்டு சரிபார்ப்பு. ரெண்டையும் சேர்த்தேதான் போடணும்.

பேர் ஒத்துமையில ஏமாறாதீங்க. பி.பி.டி.யு. ஃபில்டர்னு இன்னொண்ணு இருக்கு. அதை ஒரு போர்ட்டுல போட்டா அந்த போர்ட் பி.பி.டி.யு. அனுப்பாது, வந்தாலும் கண்டுக்காது. அதாவது காதுல பஞ்சு. கார்டு போடறதா நினைச்சு ஃபில்டரைப் போட்டா, லூப்பைத் தடுக்கறதுக்குப் பதிலா வரவேற்ற மாதிரி ஆகிடும்.

தலைவர் ஆக ஆசைப்படறவங்க

அடுத்து ரூட் கார்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கற முறை என்ன தெரியுமா? குறைஞ்ச எண் உள்ளவர் தலைவர். ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் ஆரம்பத்துல 32768-னு ஒரே முன்னுரிமை எண்தான் இருக்கும். எல்லாரும் சமம்னா, பெட்டியோட பிறவி முகவரியில யாருது சின்னதோ அவர்தான் தலைவர். பழைய பெட்டிக்குப் பல நேரம் சின்ன எண் அமைஞ்சிருக்கும். யாரும் எதையும் மாத்தலைன்னா, ஸ்டோர் ரூம்லேருந்து எடுத்து மாட்டின பழைய பெட்டி ஒண்ணு மொத்த ஆபீஸுக்கும் தலைவர் ஆகிடலாம். எல்லாப் போக்குவரத்தும் அது வழியா சுத்திக்கிட்டுப் போகும். அதைவிட மோசம், கடவுச்சொல் எதுவும் கிடையாது. "என் எண் உன்னுதைவிடச் சின்னது"ன்னு யார் சொன்னாலும் நம்பிடும்.

எண்ணை 4096-ன் மடங்குகள்ல குறைச்சு நம்ம நல்ல சுவிட்ச்சைத் தலைவர் ஆக்கலாம். அதோட, தலைவர் வரக் கூடாத வாசல்கள்ல ரூட் கார்டு போட்டு வைக்கலாம். அந்த வாசல் வழியா "நான்தான் புதுத் தலைவர்"னு தகவல் வந்தா, அந்த வாசலை நிறுத்தி வைக்கும். அந்தப் பேச்சு அடங்கினதும் தானா திறந்துக்கும்.

மௌனம் சம்மதமா?

எனக்கு ரொம்பப் பிடிச்சது லூப் கார்டு. இதுலதான் தணிக்கைப் பாடம் அப்படியே வருது.

அடைச்சு வச்ச ஒரு போர்ட் எதனால அடைச்சே இருக்கு? எதிர்ப்பக்கத்துலேருந்து ரெண்டு விநாடிக்கு ஒருதரம் பி.பி.டி.யு. வந்துக்கிட்டே இருக்கறதால. அது நின்னுட்டா? "எதிர்ப்பக்கம் ஆள் இல்லை போல, இனி அடைச்சு வச்சு என்ன பயன்"னு போர்ட் திறந்துக்கும். நிஜமாவே ஆள் இல்லைன்னா சரி. ஆனா ஃபைபர் வயர்ல போக ஒரு இழை, வர ஒரு இழை. வர இழை மட்டும் பழுதாகி, போற இழை நல்லா இருந்தா? எதிர்ப்பக்கம் உயிரோட பேசிக்கிட்டுத்தான் இருக்கு, இவருக்குக் கேக்கல. மௌனத்தை நம்பித் திறக்கறார். லூப். யாரும் எந்த வயரையும் தொடாமலே!

லூப் கார்டு போட்டா, "இதுவரைக்கும் பேசிக்கிட்டிருந்தவர் திடீர்னு பேசலைன்னா ஏதோ கோளாறு"ன்னு எடுத்துக்கிட்டு, போர்ட்டைத் திறக்காம நிறுத்தி வைக்கும்.

தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 505 படிச்சவங்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். கடனாளிகள்கிட்ட "உங்க பாக்கி இவ்வளவு, சரியா?"ன்னு கடிதம் போடறதுல ரெண்டு வகை. சரியோ தப்போ பதில் போடுங்கன்னு கேக்கறது ஒண்ணு. தப்பா இருந்தா மட்டும் பதில் போடுங்கன்னு கேக்கறது இன்னொண்ணு. ரெண்டாவது வகையில பதில் வரலைன்னா சரின்னு எடுத்துக்கறோம். ஆனா கடிதம் போய்ச் சேராமலே இருந்திருக்கலாமே! அதனாலதான் அது பலம் குறைஞ்ச சான்றுன்னு அந்தத் தரம் சொல்லுது. பழைய ஸ்பேனிங் ட்ரீ ரெண்டாவது வகை. லூப் கார்டு வந்து, மௌனம் சம்மதம் இல்லைன்னு சொல்லுது.

கடைசியா ஸ்டார்ம் கண்ட்ரோல். சில மலிவான சுவிட்ச்சுகள் பி.பி.டி.யு.வை முழுங்கிடும், அடுத்த பக்கம் அனுப்பாது. அப்போ பி.பி.டி.யு. கார்டுக்கு எதுவும் தெரிய வராது. அந்த நேரத்துக்கு, "பிராட்காஸ்ட் இந்த அளவுக்கு மேல வந்தா மிச்சத்தைத் தூக்கிப் போடு, இல்லைன்னா போர்ட்டையே மூடு"ன்னு ஒரு வரம்பு வைக்கறது. நோய்க்கு மருந்து இல்ல, காய்ச்சல் ஏறாம பிடிச்சு வைக்கற மாத்திரை. ஆனாலும் வேணும்.

எல்லாத்தையும் எல்லா போர்ட்டுலயும் போட்டுத் தள்ளவும் கூடாது. கம்ப்யூட்டர் இருக்கற வாசல்ல பி.பி.டி.யு. கார்டு. கீழ்ப்படியில இருக்கற சுவிட்ச்சைப் பார்த்த வாசல்ல ரூட் கார்டு. தலைவரை நோக்கிப் போற வாசல்லயும் அடைச்சு வச்ச வாசல்லயும் லூப் கார்டு. ரூட் கார்டும் லூப் கார்டும் ஒரே போர்ட்டுல சேர்ந்து இருக்காது.

பாஸ்டன்ல நாலு நாள்

இதெல்லாம் சின்ன ஆபீஸ் பிரச்சினைன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு பெரிய கதை. 2002 நவம்பர் 13. அமெரிக்காவுல பாஸ்டன் நகரம். பெத் இஸ்ரேல் டீக்கனஸ்ங்கற பெரிய போதனா மருத்துவமனை. 1996-ல ரெண்டு மருத்துவமனைகள் இணைஞ்சு உருவானது. நெட்வொர்க்கும் அப்படித்தான், சுவிட்ச்சோட சுவிட்ச்சா கோத்துக்கிட்டே போய் வளர்ந்தது.

ஸ்பேனிங் ட்ரீயோட வழக்கமான நேரக் கணக்கெல்லாம், ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைக்கு அதிகபட்சம் ஏழு சுவிட்ச் இருக்கும்னு வச்சுப் போட்டது. அங்க அந்த எல்லையைத் தாண்டியாச்சு. அன்னிக்கு ஒரு ஆராய்ச்சியாளரோட மென்பொருள் மிகப் பெரிய அளவுல தரவை நெட்வொர்க்ல தள்ள ஆரம்பிச்சது. ஸ்பேனிங் ட்ரீ தடுமாறி, லூப் உண்டாகி, நெட்வொர்க் படுத்துச்சு. எழுந்துச்சு, திரும்பப் படுத்துச்சு. சரியாக நாலு நாள் ஆச்சு. மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் பழையபடி காகிதத்துல, ஆட்கள் கையில எடுத்துக்கிட்டு ஓடினாங்க. கம்ப்யூட்டரோடவே பழகின இளம் டாக்டர்களுக்குக் காகிதத்துல எப்படி எழுதறதுன்னு மூத்தவங்க சொல்லித் தர வேண்டியதாச்சு.

மருத்துவமனையோட தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மூடி மறைக்கல. வெளிப்படையா பேசினார், பத்திரிகைக்குச் சொன்னார். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதையே ஒரு பாடமா எழுதுச்சு. எம்.பி.ஏ. படிக்கறவங்க படிக்கற பாடத்துல ஸ்பேனிங் ட்ரீ! ஒரு ஆராய்ச்சியாளரோட மென்பொருள்னு சொல்லி விஷயத்தை முடிச்சிருக்கலாம். அப்படி முடிச்சிருந்தா அடுத்த மென்பொருளுக்கு அதே நெட்வொர்க் திரும்பப் படுத்திருக்கும். அவங்க நெட்வொர்க்கையே வேற மாதிரி கட்டினாங்க.

கேள்வியை மாத்துவோம்

"யார் சொருகினது?"ங்கற கேள்விக்கு எப்பவும் ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதில் பெரும்பாலும் அந்த இடத்துலயே சம்பளம் குறைஞ்ச ஆளாத்தான் இருக்கும். ஏன்னா வயர் கிடக்கற தரைக்குப் பக்கத்துல வேலை பார்க்கறது அவங்கதான். துடைக்கறவங்க, மேஜை நகர்த்தறவங்க, லேப் உதவியாளர். ஸ்பேனிங் ட்ரீயை அணைச்சவர் அந்த நேரத்துல அங்க இருக்க மாட்டார். பில் வாங்கிட்டுப் போய் வருஷமாகியிருக்கும்.

காலியா ஒரு ஓட்டை, கையில ஒரு முனை. சொருகத்தான் தோணும். அதைத் தப்புன்னு சொல்ல முடியாது, அது ஒழுங்கு. ஆயிரம் தடவையில ஒரு தடவை எந்த மனுஷனும் அதைச் செய்வான். அது நடக்கும்னு தெரிஞ்சுதான் சுவிட்ச் செய்யறவங்க இத்தனை வசதியை உள்ளே வச்சுக் கொடுத்திருக்காங்க. அதைப் பயன்படுத்தாம விட்டவங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வி "எந்த போர்ட் இதை உள்ளே விட்டுச்சு? ஏன் விட்டுச்சு?"ங்கறதுதான். காசாளர் கையாடல் பண்ணினா தணிக்கையாளர் கட்டுப்பாடு எங்கே ஓட்டைன்னும் எழுதறார் இல்லையா, அதே மாதிரி.

உங்க கல்லூரி லேப்லயோ வேலை பார்க்கற இடத்துலயோ நெட்வொர்க் பார்த்துக்கறவர்கிட்ட மூணே மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. ஒண்ணு, ஸ்பேனிங் ட்ரீ ஆன்ல இருக்கா? ரெண்டு, கம்ப்யூட்டர் போர்ட்டுகள்ல பி.பி.டி.யு. கார்டு இருக்கா? மூணு, யார் ரூட்னு அவருக்குத் தெரியுமா? மூணாவதுக்கு உடனே பதில் வந்துச்சுன்னா அவர் நல்ல ஆள், ஒரு டீ வாங்கிக் கொடுங்க. யோசிச்சார்னா, இந்தப் பதிவோட சுட்டியைக் கொடுங்க.

பி.கு. 1: பரிசோதனை பண்ணிப் பார்க்கறேன்னு லேப்ல நிஜ வயரை ரெண்டு பக்கமும் சொருகிடாதீங்க சாமி. பாக்கெட் ட்ரேசர் இலவசமா கிடைக்குது, அதுல பண்ணுங்க.

பி.கு. 2: நெட்வொர்க் துறையில இருக்கற அண்ணன்மார், அக்காமார் யாராவது படிச்சா, விளக்கத்துல எங்கேயாவது திருத்தம் வேணும்னா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்த்துடறேன். அடுத்த வாரம் சத்தியமா தூக்கம் வராத தலைப்புதான்.